யாரிடமிருந்து யாருக்கு

ஐயம்பேட்டையில் ஒரு காலத்தில் சம்பூர்ணத்தின் விரல்களைப் பற்றித்தான் பேசுவார்கள். 2021க்குப் பிறகு இரண்டு வருஷம் அதே வாய்கள் அவளுடைய இருமலைப் பற்றிப் பேசின. ஊர் வாய்க்கு ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடையாது.

அவள் வேலை பாவு பிணைப்பது. பாவு என்பது சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அடுத்த பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழை ஒன்றை முறுக்கி இணைக்க வேண்டும். பட்டுப் பாவில் நாலாயிரத்துச் சொச்சம் இழை இருக்கும். ஒன்று தப்பினாலும் சேலை நெடுகக் கோடு விழும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி இழையைப் பிரித்து நீட்ட, மற்றவள் முறுக்குவாள். நுனி வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். காற்று பட்டால் இழை கலைந்துவிடும் என்பதால் மின்விசிறி ஓடாது, ஜன்னலும் திறக்காது. இரண்டு தலைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். சம்பூர்ணமும் காந்தாவும் பதினெட்டு வருஷமாக அந்த ஒரு சாணில் குடும்பம் நடத்தினார்கள். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் வீட்டில் என்ன குழம்பு, எல்லாம் அங்கேதான் அலசப்படும்.

காந்தா நெசவு வீட்டுப் பெண், நாலு வயது மூத்தவள். சம்பூர்ணம் அப்படி இல்லை. அவளைப் பெற்றவர்கள் தாமல் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். ஐயம்பேட்டை காலனியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் தனசேகரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின், காந்தாவுக்கு உதவியாக உட்கார்ந்தாள். மூன்றே மாதத்தில் காந்தாவைவிட வேகமாக முறுக்க ஆரம்பித்துவிட்டாள். “நாத்து நட்ட கைக்கு நூலு இன்னா பெரிய நூலு” என்பாள். கொஞ்சம் திமிர் உண்டு. இல்லை என்று அவளே சொல்லமாட்டாள்.

2020 ஆகஸ்டில் அவளுக்குக் கொரோனா வந்தது. வந்தது தெரியாமலே ஐந்து நாள் ஒரு வீட்டில் பாவு பிணைத்திருக்கிறாள். ஆறாம் நாள் தான் வைத்த ரசத்திலேயே வாசனை இல்லை என்று கண்டு, மிளகில் கலப்படம் என மளிகைக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். கடைக்காரர்தான் சந்தேகப்பட்டு அவளைக் காய்ச்சல் முகாமுக்கு அனுப்பினார். ஆனால் அவள் பாவு பிணைத்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. எதிரே ஒரு சாணில் இருந்த காந்தாவுக்கும் வரவில்லை.

ஊர் உடனே காரணம் கண்டுபிடித்தது. சாம்பல்! சாம்பல் தொட்ட கையில் கிருமி நிற்காதாம். நெற்றியில் பூசினால் சாமி, விரலில் தடவினால் தடுப்பூசி என்றாகிவிட்டது. மற்றவர்களுக்குக் கதவைச் சாத்திய தறிக்காரர்கள்கூடப் பாவு பிணைக்கிறவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். சம்பூர்ணம் அதை முழுக்க நம்பினாளா என்றால் இல்லை. ஆனால் வேலை கொடுக்கிற நம்பிக்கையை யார்தான் கிளறிப் பார்ப்பார்கள்?

அடுத்த வருஷம் ஏப்ரலில் ராமலிங்கம் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இரண்டு தறி போட்டவர் அவர். இரண்டிலும் ஒரே வாரத்தில் பாவு தீர்ந்திருந்தது. அவர் மனைவி லோகாம்பாள் நாலு மணிக்கு இஞ்சி டீயோடு வந்து, பிணைக்கிற இருவருக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை பேசுவாள். காலனிப் பெண்ணுக்குத் தனி டம்ளர் எடுத்துவைக்கிற வீடுகள் அந்தத் தெருவில் இன்னும் இரண்டு மூன்று உண்டு; லோகாம்பாள் வீட்டில் அது கிடையாது. அதற்காகவே சம்பூர்ணம் அவள்மேல் உயிராக இருந்தாள். சென்னையில் கம்பெனி வேலையிலிருந்த மகன் வசந்தும் அப்போது வீட்டில்தான் இருந்தான். சித்திரைப் பிறப்புக்கு வந்தவன், ஊரடங்கு வரும்போலிருக்கிறதே என்று இங்கேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டான்.

திங்களும் செவ்வாயும் முதல் தறி. புதன்கிழமை ஓய்வு. வியாழனும் வெள்ளியும் இரண்டாவது தறி. வெள்ளிக்கிழமை எழுந்தபோதே சம்பூர்ணத்துக்குத் தொண்டை கரகரத்தது. போகாமல் இருந்திருக்கலாம். பாதிப் பாவு அப்படியே நிற்கிறது, போன தடவை யாருக்கும் ஒட்டவில்லை, விரலில் சாம்பல் வேறு இருக்கிறது என்று மூன்று சமாதானம் சொல்லிக்கொண்டு போனாள். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. பத்து மணிக்கு இருமல் வந்தது.

“இன்னா சம்பூர்ணம், இருமிக்கினே இருக்கற?” என்று லோகாம்பாள் கேட்டாள்.

“தூசி அண்ணி. சாம்பல் மூக்குல ஏறிடுச்சி.”

மறுநாள் லோகாம்பாளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் ராமலிங்கத்துக்கு. செவ்வாய்க்கிழமை சுகாதாரத் துறையினர் வந்து அந்த வீட்டிலிருந்த எல்லாருக்கும், சம்பூர்ணத்துக்கும் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் காந்தாவுக்கும் எடுத்தார்கள். ஒருவர் தப்பவில்லை, ஐந்து பேருக்கும் இருந்தது. போன வருஷம் ஒரு வாரம் பத்து நாள் என்று இழுத்துக்கொண்டிருந்த நோய் இப்போது ஆளை நாலே நாளில் சாய்த்தது. லோகாம்பாளுக்குப் படுக்கை கிடைக்கவே ஒன்றரை நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் இறந்துபோனாள். சம்பூர்ணம் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்து வந்தபிறகுதான் அவளுக்கு இதைச் சொன்னார்கள்.

காரியம் நடந்த அன்று மனசு கேட்காமல் அந்தத் தெருமுனைவரை போய் நின்றாள். வசந்த் அவளைப் பார்த்துவிட்டான்.

“தெரிஞ்சே வந்து உக்காந்துக்கினு இருமினல்ல? எங்க அம்மாவ கொன்னது நீதான்! இன்னிமே இந்தத் தெருப்பக்கம் வராத!”

தெரு முழுக்கக் கேட்டது. வாய்க்குப் பஞ்சமில்லாதவள் அன்று வாயடைத்து நின்றதற்கு ஒரே காரணம்தான்: அவன் சொன்னது உண்மை என்றுதான் அவளும் நினைத்தாள். ஊருக்கும் சந்தேகமில்லை. காலனியிலிருந்து வந்தவள் வெள்ளிக்கிழமை இருமினாள், தெருவில் இருந்தவள் சனிக்கிழமை விழுந்தாள். இதற்குமேல் யார் விசாரிக்கப்போகிறார்கள்?

அதற்கப்புறம் ஐயம்பேட்டையில் அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இரண்டு ஆட்டோ மாறி ஓரிக்கைப் பக்கம் போய்ப் பாவு பிணைத்தாள். காந்தாவும் கூடவே வந்தாள். “நீ போயேன் அக்கா, ஊர்லயே உனுக்கு வேல குடுப்பாங்க” என்றால் காந்தாவுக்குக் கோபம் வரும். “வேற ஒருத்தி எதுர்ல உக்காந்தா எனுக்கு இழை புடிபடாதுடி” என்பாள். போகிற வீடுகளில் நாலு மணிக்கு டீ வந்தால் சம்பூர்ணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.

2022 பொங்கலுக்கு மறுபடி கொரோனா வந்தது. ஐயம்பேட்டையில் இருமாத வீடே இல்லை. மூன்று நாள் தொண்டை வலி, நாலாம் நாள் எல்லாரும் எழுந்து நடந்தார்கள். கிருமி திருந்திவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சம்பூர்ணத்துக்கு அதைக் கேட்க வயிறு எரிந்தது. இப்போது சாதுவாக வரத் தெரிந்தது, அப்போது வந்திருக்கக் கூடாதா? ஒன்பது மாதம் முன்னால் இப்படி வந்திருந்தால் லோகாம்பாள் இருமிக்கொண்டே அவளைத் திட்டியிருப்பாள், அதோடு போயிருக்கும்.

2023 ஜூலையில் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் அலையில் நெசவு ஊர்களில் எடுத்த மாதிரிகளை உறைய வைத்திருந்தார்களாம். கிருமி எப்படி மாறியது, எப்படிப் பரவியது என்று அதில் ஆராய்ந்திருக்கிறார்களாம். மாதிரி கொடுத்தவர்கள் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வந்தால் விளக்கம் சொல்வார்களாம். சம்பூர்ணம் போகவேண்டாம் என்றுதான் இருந்தாள். காந்தா இழுத்துக்கொண்டு போனாள். இருபது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ராமலிங்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். வசந்த் வரவில்லை.

சென்னையிலிருந்து வந்த டாக்டர் தேவகிக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சுவரில் படம் காட்டிப் பேசினாள்.

“கிருமிக்குள்ள கிட்டத்தட்ட முப்பதாயிரம் எழுத்து வரிசையா இருக்குங்க. நம்ம உடம்புக்குள்ள போனதும் அது தன்னையே காப்பி எடுக்கும். எடுக்கும்போது எப்பவாவது ஒரு எழுத்து தப்பாயிடும்.”

“முப்பதாயிரமா? எங்க பாவே நாலாயிரந்தான்மா” என்று சம்பூர்ணம் தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். கூட்டம் சிரித்தது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, யாரென்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

“தப்பான காப்பியிலிருந்து அடுத்த காப்பி எடுத்தா அந்தத் தப்பும் கூடவே போகும்” என்றாள் டாக்டர்.

“அட்ட அடிக்கறாப்பல” என்றாள் சம்பூர்ணம்.

டாக்டருக்குப் புரியவில்லை. ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிப் புரியவைத்தார்கள். சேலைக் கரையில் மயிலோ மாங்காயோ விழவேண்டுமென்றால், ஓட்டை போட்ட அட்டைகளைத் தறிக்கு மேலே கோத்துவிட வேண்டும். ஒருவரின் அட்டையைப் பார்த்து இன்னொருவர் ஓட்டை போட்டுக்கொள்வார். ஒரு ஓட்டை இடம் மாறினால் அந்த அட்டையில் நெய்கிற மயிலுக்கெல்லாம் ஒரு விரல் குறையும். அதைப் பார்த்து அடித்த அட்டையிலும் குறையும். மயிலின் காலைப் பார்த்தே இது யார் வீட்டு அட்டையிலிருந்து வந்தது என்று நெசவுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

“மாங்கா கதய சொல்லு” என்றாள் காந்தா.

அதையும் சம்பூர்ணமே சொன்னாள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அடித்த அட்டையில் ஓட்டை பிசகி மாங்காயின் மூக்கு வளைந்துவிட்டது. கடைக்காரர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரே மாதத்தில் ஊர் முழுக்க வளைந்த மூக்கு மாங்காய்தான். நேர் மூக்கை நெய்ய ஆளில்லை.

டாக்டர் கையிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்துவிட்டாள். “நான் ஒரு மணி நேரம் சொல்லணும்னு வெச்சிருந்தத நீங்க சொல்லிட்டீங்க. நூறு தப்புல தொண்ணூத்தொன்பது ஒண்ணுத்துக்கும் ஆகாது. ஏதோ ஒண்ணு கிருமிக்குத் தோதா அமைஞ்சிடும். 2020ல வந்தது நேர் மூக்கு. 2021 ஏப்ரல்ல வந்தது வளைஞ்ச மூக்கு. அது நம்ம உடம்புல இன்னும் நல்லா ஒட்டிக்கும், தொண்டையில பல மடங்கு பெருகும், சீக்கிரமே அடுத்தவங்களுக்குப் போயிடும். அதனாலதான் முன்ன ஒருத்தரோட நின்ன இடத்துல அப்புறம் வீடே படுத்துச்சு.”

“அப்போ சாம்பல்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“சாம்பலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. முதல் தடவை கொஞ்சம் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.”

“பொங்கலுக்கு வந்தது திருந்தி வந்துச்சா?”

“கிருமி திருந்தாதுங்க. அது இன்னும் வேகமாப் பரவுற வேறொரு காப்பி. நுரையீரலுக்குள்ள அவ்வளவா இறங்கல. அதுக்குள்ள நாம ஊசியும் போட்டிருந்தோம், ஏற்கனவே வந்தும் போயிருந்துச்சு. அதனால தாங்கிக்கிட்டோம்.”

பிறகு கடைசிப் படம் வந்தது. பெயர்கள் இல்லை, ஐந்து வட்டங்கள், ஒவ்வொன்றிலும் நோய் தொடங்கிய தேதி, ஆணா பெண்ணா, வயது. முதல் மூன்றும் ஒரே நிறம்: ஏப்ரல் 14, ஆண், 26. ஏப்ரல் 24, பெண், 55. ஏப்ரல் 25, ஆண், 61. அவற்றிலிருந்து ஒரு கோடு கிளம்பி வேறு நிறத்தில் ஒரு வட்டத்துக்குப் போனது: ஏப்ரல் 23, பெண், 45. அங்கிருந்து அதே நிறத்தில் இன்னொன்று: ஏப்ரல் 27, பெண், 49.

“முதல் மூணு பேர்கிட்ட இல்லாத ஒரு தப்பு நாலாவது ஆள்கிட்ட இருக்கு. அஞ்சாவது ஆள்கிட்டயும் அதே தப்பு. அப்படின்னா கிருமி போன வழி பெரும்பாலும் இதுதான். நூத்துக்கு நூறுன்னு சொல்லமாட்டேன்” என்றாள் டாக்டர்.

சம்பூர்ணத்துக்கு எண்கள் பிடிபட்டன. நாலாவது அவள். ஐந்தாவது காந்தா. நடுவில் ஐம்பத்தைந்து வயதுப் பெண் லோகாம்பாள். தன்னிடமிருந்து அவளுக்குப் போயிருந்தால், தன் அட்டையின் தப்பு அவளிடமும் இருக்கவேண்டும். இல்லை. விரல் குறைந்த மயிலைப் பார்த்து அடித்தவனுக்கு முழு மயில் எப்படி வரும்? அந்த வீட்டுக்குக் கிருமி அவள் போவதற்கு முன்பே வந்துவிட்டது. சித்திரை முதல் தேதி, இருபத்தாறு வயது ஆணோடு வந்திருக்கிறது. அவளுக்கே அந்த வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் கொல்லவில்லை, நான் கொல்லவில்லை என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் அடங்கியதும்தான் ஐந்தாவது வட்டம் உறைத்தது.

“உனுக்கு என்கிட்டேருந்துதான் வந்துக்குது அக்கா.”

“இத சொல்ல மெட்ராஸ்லேருந்து டாக்டர் வரணுமா? பதினெட்டு வருசமா உன் மூச்சத் தவுர எனுக்கு வேற ஏது மூச்சு?” என்றாள் காந்தா.

வெளியே வந்தபோது வாசலில் ராமலிங்கம் நின்றிருந்தார். இரண்டு தறி வைத்திருப்பவருக்கு அட்டைக் கணக்கு தெரியாதா? முகம் வெளுத்திருந்தது.

“சம்பூர்ணம், எங்களால உனுக்கு அவப்பேரு வந்துடுச்சிமா. மன்னிச்சிடு. ஆனா அவன்கிட்ட சொல்லிடாத. தாங்கமாட்டான்.”

“நான் ரெண்டு வருசமா தாங்கிக்கினு இருக்கேனே அண்ணா” என்றாள் சம்பூர்ணம். சொல்கிறேன் என்றோ சொல்லமாட்டேன் என்றோ வாக்குக் கொடுக்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டாள். வீட்டுக்குப் போயும் ஆத்திரம் அடங்கவில்லை. தனசேகரனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் “நேரா போயி அவன் மூஞ்சிக்கு நேரா கேளு, நான் வரேன்” என்று குதித்தான். கேட்கத்தான் வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியது. ஆனால் ‘உன் அம்மாவைக் கொன்றது நீதான்’ என்ற வார்த்தை காதில் விழுந்தால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆகும் என்று ஐயம்பேட்டையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

மறுநாள் காலை எட்டு மணிக்கு வசந்தே பைக்கில் காலனிக்கு வந்துவிட்டான். இளைத்திருந்தான். வண்டியை விட்டு இறங்காமல் கேட்டான்.

“அப்பா ஒண்ணும் சொல்லமாட்றாரு சம்பூர்ணக்கா. டாக்டர் இன்னா சொன்னாங்க?”

“எறங்கி வா தம்பி. உங்க அம்மாவுக்கு என்கிட்டேருந்து போவல. காந்தாக்காவுக்குத்தான் போயிக்குது.”

அப்படியானால் யாரிடமிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

“உனுக்கு முன்னியே தெரியுமா?”

“வருசப்பொறப்புக்கு வரும்போதே எனக்கு சளி இருந்துச்சிக்கா. ஏசி ஒத்துக்கலனு நெனச்சேன். அம்மாவுக்கு ஜொரம் வந்த அன்னிக்கே மனசுல அடிச்சிக்கினு இருந்துச்சி. அப்புறம் நீ இருமினனு எல்லாரும் சொன்னாங்க. நான் அத புடிச்சிக்கினேன்.”

அடிக்கலாம் போல இருந்தது சம்பூர்ணத்துக்கு. எதிரே நிற்பவன் வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குழந்தைமாதிரி அழாமலிருந்தால் அடித்தும் இருப்பாள்.

“கேளு. எனுக்கும் தொண்ட கரகரனு இருந்துச்சி. தூசினு பொய் சொல்லிட்டு உக்காந்தேன். உங்க அம்மாவுக்கு அதுக்குள்ள வராம இருந்திருந்தா நான் குடுத்திருப்பேன். காந்தாக்கா பொழச்சிக்கினாங்க, உங்க அம்மா பொழைக்கல. அதுதான் வித்தியாசம். நீயும் நானும் பண்ணது ஒரே தப்புதான் தம்பி. அப்ப வந்தது வேற மாரினு யாருக்குத் தெரியும்?”

அவன் தலையைத் தலையை ஆட்டினான். “நான் இன்னா பண்ணட்டும்கா?” என்றான்.

பரவாயில்லை விடு என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தால் கதை கேட்கிறவர்களுக்கு நன்றாக இருந்திருக்கும். சம்பூர்ணத்துக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. அவளுக்குத் தன் பெயர் வேண்டும்.

“தெருவுல சொல்லு. என் பேர எடுத்தது நீதான், நீதான் குடுக்கணும்” என்றாள்.

இருவரும் அவன் தெருவுக்குப் போனபோது நடுத்தெருவில் யாருடைய பாவையோ நீளமாக விரித்து, இழை விறைக்கக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். இருபுறமும் பதினைந்து இருபது பேர். சம்பூர்ணத்தைக் கண்டதும் பேச்சு நின்றது. வசந்த் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

“கேக்கலபா” என்றாள் சம்பூர்ணம்.

அவன் நிமிர்ந்தான். “எங்க அம்மாவுக்கு இவங்ககிட்டேருந்து வரல. நான் அன்னிக்கு சொன்னது தப்பு” என்று உரக்கச் சொன்னான். குரல் உடைந்தாலும் தெருக்கோடிவரை கேட்டது.

கஞ்சித் தூரிகையோடு நின்றிருந்த பொன்னியம்மாளுக்கு அது போதவில்லை. “அப்போ லோகாம்பாளுக்கு யார்கிட்டேருந்துபா வந்துச்சி?” என்று கேட்டாள்.

வசந்த் வாயைத் திறந்தான். வாசலில் நின்றிருந்த ராமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

“அத டாக்டராலயே அடிச்சி சொல்ல முடியல, உனுக்கு எதுக்கு?” என்றாள் சம்பூர்ணம். “கஞ்சி காயுது பாரு. வேலய பாரு.”